கிரனாடாவுக்கு ஒரு நாள் போதுமா? முதலில் அல்ஹம்ப்ரா டிக்கெட்டைப் பாருங்கள்

மே மாதம் ஒரு வாரம் ஸ்பெயினில் இருக்கப்போகிறீர்கள். செவில் நகரில் தங்கிக்கொண்டு, ஒரே நாளில் கிரனாடாவுக்குப் போய், அங்கே குன்றின்மேல் இருக்கும் பழைய முஸ்லிம் அரசர்களின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வரும் அம்மா, அப்பா இருவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல், இருவரும் சைவம்.

முடியும், ஆனால் வேண்டாம். செவிலிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பேருந்தில் மூன்று மணி நேரம். போகவரவே ஆறு மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் அல்ஹம்ப்ராவை ஓட்டமும் நடையுமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். எதிர்க் குன்றில் இருக்கும் அல்பைசின் என்ற பழைய குடியிருப்புக்கு நேரமே இருக்காது. அங்கே நின்று பார்க்கும்போதுதான் அல்ஹம்ப்ராவின் முழு உருவமும் கண்ணுக்குக் கிடைக்கும். இரண்டு இரவு தங்குங்கள். இயலாவிட்டால் ஒரு இரவாவது.

அடுத்து, எதை முதலில் பதிவு செய்வது என்பது. விமானம், ஹோட்டல், ரயில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடைசியில் அல்ஹம்ப்ரா டிக்கெட்டைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அப்படித் தேடினால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நஸ்ரி அரண்மனைகள் என்று அழைக்கப்படும் உட்பகுதிக்குள் அரை மணிக்கு ஏறத்தாழ 300 பேரைத்தான் விடுகிறார்கள். அறைகள் சிறியவை, சுவர் முழுக்க சுண்ணச்சாந்துச் செதுக்கல், அதனால் இந்தக் கட்டுப்பாடு. காசு கூடக் கொடுத்தாலும் தளராது. ஆகவே முதலில் அல்ஹம்ப்ரா நேரம் கிடைக்கும் நாளைப் பிடியுங்கள். ஹோட்டலும் ரயிலும் அந்த நாளைச் சுற்றி அமையட்டும்.

டிக்கெட்டை பத்ரோனாதோ என்ற அல்ஹம்ப்ரா நிர்வாகத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுங்கள். தேடுபொறியில் மேலே வருபவற்றில் பல இடைத்தரகர் தளங்கள். சிலவற்றில் விலை இரண்டு மூன்று மடங்கு. இன்னொரு தொல்லையும் உண்டு. சில தளங்களில் 'அல்ஹம்ப்ரா டிக்கெட்' என்று விற்பது தோட்டங்களுக்கான டிக்கெட்டாக இருக்கும், அதில் நஸ்ரி அரண்மனைகள் சேராது. உங்களுக்கு வேண்டியது 'அல்ஹம்ப்ரா ஹெனரால்' என்ற பொது டிக்கெட். அல்காசபா கோட்டை, நஸ்ரி அரண்மனைகள், ஹெனராலிஃபே தோட்ட மாளிகை மூன்றும் அதில் அடங்கும். விலை இருபது யூரோவை ஒட்டி வரும். டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சாகியிருக்கும். அது அல்ஹம்ப்ரா வாசலுக்கான நேரமல்ல, நஸ்ரி அரண்மனை வாசலுக்கான நேரம். இதைக் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் ஏராளம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டிக்கெட் ஆளின் பெயரில், பாஸ்போர்ட் எண்ணோடு வரும். கையில் மூல பாஸ்போர்ட் இருக்க வேண்டும், உள்ளே பல இடங்களில் சரிபார்ப்பார்கள். படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இல்லை. இனிஷியலை விரிப்பதா, அப்பா பெயரைப் போடுவதா என்று யோசிக்காமல் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே போடுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு டிக்கெட் எடுங்கள், எண் மாறிவிடும். அறுபத்தைந்துக்கு மேற்பட்டோர் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உரியது. பெற்றோர் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டில் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் முழு டிக்கெட்டையே எடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், ஆனாலும் அவர்கள் பெயரில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

நாள் எல்லாம் நிரம்பிவிட்டதா? இன்னும் சில வழிகள் உண்டு. ரத்தாகும் டிக்கெட்டுகள் அதே தளத்துக்குத் திரும்ப வரும். தினமும் இரண்டு மூன்று முறை பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று இரண்டாகக் கிடைப்பதுண்டு, நான்கு பேருக்கு ஒன்றாகக் கிடைப்பதுதான் கடினம். நகர நிர்வாகம் விற்கும் கிரனாடா கார்டுக்கு அல்ஹம்ப்ரா நுழைவில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கதீட்ரல், அரச சிற்றாலயம், சில பேருந்துப் பயணங்களும் அதில் சேரும். வழிகாட்டியோடு போகும் குழுக்களுக்கும் தனி ஒதுக்கீடு. கடைசியாக எனக்குப் பிடித்த மாற்று வழி: நஸ்ரி அரண்மனைகளுக்கு இரவு நுழைவு ஒன்று, பகலில் தோட்டம், அல்காசபா, ஹெனராலிஃபேவுக்கான டிக்கெட் இன்னொன்று. ஏப்ரல் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை செவ்வாய் முதல் சனி வரை இரவு 10 மணிக்கு மேல் திறக்கிறார்கள். குளிர்காலத்தில் வெள்ளியும் சனியும் மட்டும், 8 மணிக்கு. விளக்கொளியில் செதுக்கல் எழுந்து நிற்கும், கூட்டமும் குறைவு. ஆனால் மேற்கூரையின் நிறங்கள் மங்கலாகத்தான் தெரியும். முதல் முறை வருபவர்களுக்குப் பகலே நல்லது.

இனி அந்த நேரக் குழப்பம். அல்ஹம்ப்ரா சபீகா என்ற குன்றின்மேல் நீளவாக்கில் கிடக்கிறது. டிக்கெட் கூடம் கிழக்கு முனையில், ஹெனராலிஃபே பக்கம். நஸ்ரி அரண்மனைகள் மேற்குப் பக்கம். இடையே நடக்கவே 15 முதல் 20 நிமிடம். டிக்கெட்டில் 11:00 என்றிருந்தால் 11:00 முதல் 11:30 வரை அரண்மனை வாசலைக் கடக்கலாம், அதற்குமேல் விடமாட்டார்கள். 10:55க்குக் கிழக்கு வாசலில் பேருந்தை விட்டு இறங்கி, கைப்பைச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை எல்லாம் முடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். டிக்கெட் கைப்பேசியில் தயாராக இருந்தால் கிழக்கு வாசலுக்குப் போகவே வேண்டியதில்லை. தென்புறத்தில் 1348இல் கட்டிய நீதி வாசல் வழியாக நேரே உள்ளே வந்தால் அரண்மனைகள் ஐந்து நிமிட நடை.

அம்மா அப்பாவோடு வருவதால் நான் சொல்லும் ஒழுங்கு வேறு. ஊர் நடுவில், கொலம்பஸும் அரசி இசபெல்லும் சிலையாக இருக்கும் இசபெல் கத்தோலிக்கா சதுக்கத்தருகே சி30 சிற்றுந்து கிளம்பும். அதில் ஏறிக் கிழக்கு முனை வரை போங்கள். காலை 8:30க்குத் திறந்தவுடன் வெயில் ஏறுமுன் ஹெனராலிஃபே. அதுதான் உயரமான பகுதி, அங்கிருந்து மற்ற எல்லாமே ஏறத்தாழ இறக்கம். பிறகு மெதுவாக நடந்து வந்து 11 மணி அளவில் நஸ்ரி அரண்மனைகள். அதன்பின் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு அல்காசபா. வெளியேறுவது நீதி வாசல் வழியாக. மொத்தம் மூன்றரை முதல் நான்கு மணி நேரம், நடை மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. நஸ்ரி அரண்மனைகளுக்குள் கழிப்பறை கிடையாது. வரிசையில் நிற்குமுன்பே அருகிலுள்ள ஐந்தாம் கார்லோஸ் அரண்மனைப் பக்கம் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அல்காசபாவில் வேலா கோபுரத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நிற்கலாம். மூன்று பகுதிகளுக்குள்ளும் ஒருமுறைதான் நுழைய முடியும். 'சாப்பிட்டுவிட்டு மறுபடி வருகிறேன்' என்பது நடக்காது.

பெரிய முதுகுப்பை, மூன்றுகால் கேமராத் தாங்கி இரண்டுக்கும் அனுமதியில்லை. சிறு முதுகுப்பையையும் முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், செதுக்கலில் உரசாமல் இருக்க. சுவரைத் தொடக்கூடாது. 'ஒரு விரல்தானே' என்று ஆளுக்கொரு விரல் வைத்தால் சுண்ணச்சாந்து என்ன ஆகும்?

உள்ளே எதைப் பார்ப்பது? 1238இல் முதலாம் முகம்மது தொடங்கிய நஸ்ரி அரச மரபு 1492 ஜனவரி 2இல் கடைசி அரசர் போவப்தில் நகரை ஒப்படைக்கும்வரை இங்கிருந்து ஆண்டது. நாம் காணும் அழகில் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃப், அவர் மகன் ஐந்தாம் முகம்மது இருவர் காலத்தது. எல்லோரும் சிங்க முற்றத்தைப் பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் அதற்கு முன்பே வரும் கோமாரஸ் என்ற அரண்மனைப் பகுதியில் நின்று விடுங்கள். தங்க அறையின் முற்றத்தில் ஒரே மாதிரி இரண்டு வாசல்கள் தெரியும், ஒன்றுதான் உள்ளே கொண்டுபோகும். இருண்ட வளைந்த நடை ஒன்றைத் தாண்டியதும் திடீரென்று வெளிச்சமும் 34 மீட்டர் நீளக் குளமும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யூகிக்கவே விடாத கட்டடக் கலை இது. குளத்தின் வடக்கே தூதர் மண்டபம். அதன் மரக்கூரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளால் ஆனது, ஏழு வானங்களைக் குறிப்பது. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பாருங்கள்.

சுவரெல்லாம் எழுத்து. அதில் திரும்பத் திரும்ப வருவது நஸ்ரிகளின் முத்திரை வாசகம்: 'இறைவனையன்றி வெல்பவர் எவருமில்லை.' ஒருமுறை அந்த வடிவத்தைக் கண்டுகொண்டால் பிறகு எங்கு திரும்பினாலும் அதுவே தெரியும். சிங்க முற்றத்தின் நீர்த்தொட்டி விளிம்பில் இப்னு ஸம்ரக் என்ற அரசவைக் கவிஞரின் வரிகள், ஓடுவது நீரா பளிங்கா என்று தெரியாமல் மயங்குவதைப் பாடுபவை. பன்னிரண்டு சிங்கங்களும் பளிங்கு, ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பக்கத்தில் இரு சகோதரியர் மண்டபத்தின் கூரையில் தேன்கூடு போலத் தொங்கும் ஆயிரக்கணக்கான சாந்துத் துண்டுகள்; காலை வெயில் மேல் சன்னல்களில் படும்போது பாருங்கள். உள்ளே எல்லாம் ஒருவழிப் பாதை. சிங்க முற்றத்தை விட்டு வெளியேறினால் திரும்ப முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் நேரத்துக்கு வரம்பில்லை, அவசரப்படுத்தவும் மாட்டார்கள். உங்கள் அரை மணியின் தொடக்கத்தில் பெருங்கூட்டம் நுழையும். அது ஒரு சுற்று நகரும்வரை ஒரு மூலையில் நின்றால் முற்றம் கொஞ்சம் காலியாகக் கிடைக்கும்.

டிக்கெட்டே கிடைக்காமல் போனாலும் குன்றுக்குப் போகலாம். நீதி வாசல், திராட்சைமது வாசல், பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் 1527இல் தொடங்கிய அரண்மனையின் வட்ட முற்றம் ஆகியவை இலவசம். வெளியே சதுரம், உள்ளே முழு வட்டம். நஸ்ரி மாளிகைகளுக்கு அருகில் இதைக் கட்டியது தகுமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. தனியாகப் பார்த்தால் அருமையான கட்டடம், இடம்தான் தவறு.

அல்பைசினை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சான் நிக்கோலாஸ் மேட்டிலிருந்து பார்த்தால் அல்ஹம்ப்ரா தெற்கே எதிரில், அதன் பின்னால் சியெரா நெவாதா மலைகள். மே மாதத்திலும் உச்சியில் பனி இருக்கும். காலையில் வெயில் எதிர்ப்புறத்திலிருந்து வருவதால் படம் கறுத்துப்போகும். மாலையில் மேற்கு வெயில் மதில்களில் நேரே விழும், 'செந்நிறத்தாள்' என்ற அரபுப் பெயருக்குக் காரணம் அப்போது புரியும். மே மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். ஏழு மணிக்கே போய்க் காத்திருக்க வேண்டாம். மேட்டில் இடமில்லாவிட்டால் ஒட்டியிருக்கும் பள்ளிவாசலின் தோட்டத்துக்குப் போகலாம். 2003இல் திறந்தது, பார்வை நேரத்தில் யாரும் நுழையலாம், காட்சி அதேதான். கூட்டத்தில் கைப்பையைக் கவனியுங்கள்.

மேலே ஏற நடக்க வேண்டாம், சி31 அல்லது சி32 சிற்றுந்தில் ஏறி, இறங்கும்போது நடங்கள். தரை முழுக்கக் கூழாங்கல் பதித்தது, தேய்ந்து வழவழப்பானது. வழுக்காத அடி உள்ள காலணி கட்டாயம், மழை பெய்தால் செருப்போடு அந்தப் பக்கமே போகாதீர்கள். இதே காரணத்தால் அல்பைசினில் அறை எடுக்குமுன் இருமுறை யோசியுங்கள். படத்தில் முற்றமும் மாதுளை மரமுமாக அழகாக இருக்கும். டாக்சி ஒரு இடத்தில் நின்றுவிடும், அதன்பின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கும். பெற்றோரோடு என்றால் கதீட்ரல் பக்கமோ, ரெயாலேஹோ குடியிருப்பின் சமதளப் பகுதியோ போதும். வாடகைக் காரில் வருவதாக இருந்தால் வழிகாட்டிச் செயலியை நம்பி ஊருக்குள் நுழையாதீர்கள். பழைய தெருக்களில் கேமரா உண்டு, அனுமதியில்லாத வண்டிக்கு அபராதம் வீடு தேடி வரும். ஹோட்டலில் முன்கூட்டியே வண்டி எண்ணைப் பதியச் சொல்லுங்கள், அல்லது தெற்குச் சுற்றுச்சாலை வழியாக அல்ஹம்ப்ரா நிறுத்துமிடத்துக்கே நேரே போங்கள்.

அரச சிற்றாலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். போவப்தில் நகரை ஒப்படைத்த அரசி இசபெல்லும் அவர் கணவர் அரசர் ஃபெர்னாந்தோவும் அடக்கமானது அங்கேதான். மேலே பளிங்கில் ஆடம்பரமான சிற்பம், கீழே படியிறங்கினால் எளிய ஈயப் பெட்டிகள். அருகில் ரோஸ்மேரிக் கொத்தை நீட்டிக்கொண்டு வரும் பெண்கள் இலவசம் போலத்தான் தருவார்கள். வாங்கினால் கையைப் பிடித்து ஜோசியம் சொல்லிக் காசு கேட்பார்கள். கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள், போதும். கதீட்ரல் பிரம்மாண்டம்தான், நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம். தாரோ ஆற்றை ஒட்டிய தெருவில் உள்ள பழைய அரபுக் குளியல்கூடம், பஞ்ஞுவேலோ, சிறியது, இருபது நிமிடம், அதைத் தவறவிடாதீர்கள்.

இனிச் சாப்பாடு. கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு, தாப்பா, இலவசமாக வரும். குளிர்பானத்துக்கும் பல கடைகளில் உண்டு. சிக்கல் என்னவென்றால், எது வரும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பார், பெரும்பாலும் பன்றியோ மீனோ. 'வெஹெத்தாரியானோ' (சைவம்) என்று மட்டும் சொன்னால் சூரை மீன் சாலட் வர வாய்ப்புண்டு, ஹமோன் என்ற பன்றித் தொடை சீவலை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்களும் உண்டு. பானம் கேட்கும்போதே 'ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ, ஸின் ஹமோன்' (இறைச்சி, மீன், ஹமோன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் 'ஸின் உவேவோ'.

நம்பிக் கேட்கக்கூடியது பெரெஹேனாஸ் கோன் மியேல், மெல்லிய கத்தரிக்காய் வறுவலில் கரும்புப் பாகு ஊற்றியது. மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கும் கடைகள் உண்டு, அது உறுத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். சால்மோரேஹோ என்ற கெட்டியான குளிர்ந்த தக்காளிக் கலவையின் மேல் முட்டையும் ஹமோனும் தூவுவார்கள், தூவ வேண்டாம் என்று சொல்லலாம். உருளைக்கிழங்கு தோர்த்தில்யா வெறும் முட்டையும் கிழங்கும்தான். ஆனால் சாக்ரோமோந்தே தோர்த்தில்யா என்று பட்டியலில் இருந்தால் தொடாதீர்கள். பார்க்க ஆம்லெட், உள்ளே ஆட்டு மூளை. பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்புகளைப் பார்த்ததும் நிம்மதி வரும், அவற்றிலும் சோரிஸோ என்ற பன்றித் தொத்திறைச்சியோ எலும்புச் சாறோ இருக்கக்கூடும். முழுச் சைவத்துக்கு எளிய இடம் கால்தெரேரியா தெரு. மொராக்கோ, லெபனான் கடைகளில் ஃபலாஃபெல், ஹம்மஸ், புதினாத் தேநீர் கிடைக்கும்.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நான்கிலிருந்து எட்டு வரை பெரும்பாலான சமையலறைகள் மூடிக்கிடக்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு ஏழுக்கு இரவுணவு முடிக்கும் பெற்றோருக்கு இதுதான் பெரிய சோதனை. காலையிலேயே பழம், ரொட்டி, தயிர் வாங்கி அறையில் வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

உடை விஷயம் ஒன்று. ஊர் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மேயில் பகல் 25 டிகிரியைத் தொட்டாலும் இரவு பத்துக்கு இறங்கும். சான் நிக்கோலாஸில் சூரியன் மறைந்த பத்து நிமிடத்தில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

அல்பைசினை அடுத்த சாக்ரோமோந்தே குன்றின் குகைகளில், ஹிதானோக்கள் எனப்படும் ஸ்பெயினின் ரோமா மக்களின் ஸம்ப்ரா என்ற ஃபிளமெங்கோ வகை ஆட்டம் நடக்கும். வெள்ளையடித்த நீண்ட குகை, சுவரோரம் நாற்காலிகள், ஆடுபவரின் காலடி உங்கள் முழங்காலுக்கு அருகில். பேருந்தில் ஏற்றிவந்து இறக்கும் பெருங்கூட்டக் காட்சிகளைத் தவிர்த்து, சிறிய குகையில் இரண்டாவது காட்சியை எடுங்கள். ஹிதானோக்களின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். ஆட்டத்தில் நம் பக்கத்துச் சாயலைத் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது இட்டுக்கட்டலாகவே தோன்றுகிறது, ஆட்டம் தன்னளவிலேயே போதும்.

திரும்பும் வழி. மாட்ரிடுக்கு அதிவேக ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள், கோர்தோபாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். கோர்தோபாவையும் திட்டத்தில் வைத்திருந்தால் செவில், கோர்தோபா, கிரனாடா என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள், மறுபடி செவிலுக்குத் திரும்ப வேண்டியிராது. விமானம் மாலகாவிலிருந்து என்றால் ரயிலைத் தேடாதீர்கள், கிரனாடா பேருந்து நிலையத்திலிருந்து மாலகா விமான நிலையத்துக்கே நேரடிப் பேருந்துகள் இருக்கின்றன. பேருந்து நிலையம் ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது, நகரப் பேருந்து 33 அங்கே போகும். பெட்டிகளோடு நான்கு பேர் என்றால் டாக்சியே லாபம்.